உருக்கில் சாவிக்குழி வெட்டுமுன் வெட்டுவிசையைக் கணிப்பது: சிறு பட்டறைக்கு எந்தப் புள்ளியியல் மாதிரி பொருந்தும்?

உவர்மலைப் பட்டறை

வணக்கம். திருகோணமலையில் சிறிய இயந்திரப் பட்டறை ஒன்றை நடத்துகிறேன். கொட்பேயில் கட்டும் படகுகளின் வின்ச் தண்டுகளும், தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து நெல் ஆலைகளின் தண்டுகளும் எங்களிடம் வருகின்றன. பழைய தண்டு தேய்ந்தோ முறிந்தோ வரும். புதிதாகக் கடைந்து, சாவிக்குழி (சக்கரம் தண்டில் வழுக்காமல் பூட்டும் சாவி அமரும் பள்ளம்) வெட்டிக் கொடுக்க வேண்டும். புதுத் தண்டுக்குப் பெரும்பாலும் ஈஎன்8 என்ற நடுத்தரக் கரிம உருக்கை எடுக்கிறோம்.

கடைசலில் எங்களுக்குச் சிக்கல் இல்லை. 8 மில்லிமீற்றர் கார்பைட் எண்ட் மில்லால் (நுனியாலும் பக்கத்தாலும் வெட்டும் சுழல் கட்டரால்) குழி வெட்டும்போதுதான் சிக்கல். சில வேளை கட்டர் முறிகிறது. முறியாத வேளையில் வளைந்து, குழி நடுக்கோட்டிலிருந்து விலகிவிடுகிறது. ஊட்டத்தையும் ஆழத்தையும் இதுவரை காதால் கேட்டும் கைப்பழக்கத்தாலும் தீர்மானித்து வந்தோம். அது ஒரே கடையில் ஒரே உருக்கு வாங்கும்வரை சரியாக இருந்தது. இப்போது வரும் உருக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வெட்டுப்படுகிறது.

வேகம், ஊட்டம், ஆழம் ஆகிய மூன்றையும் மூன்று மூன்று மட்டங்களில் வைத்து, எல்9 எனும் பரிசோதனைத் திட்ட அட்டவணைப்படி ஒன்பது வெட்டுகள் வெட்டி, தரவுக்குப் பொருந்தும் பிற்செலவுச் (regression) சமன்பாடு ஒன்றைப் பெறும் ஆய்வுகள் பலவற்றை வாசித்தேன். சமன்பாடு தரவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் ஆர் வர்க்கம் 0.99 என்று போட்டிருக்கிறார்கள். அதையே எங்கள் இயந்திரத்திலும் செய்து, வெட்டுமுன்னரே விசையைக் கணிக்க விரும்புகிறேன். விசைமானி எங்களிடம் இல்லை. ஸ்பிண்டில் மோட்டார் 2.2 கிலோவாட்; அதற்கு வேகத்தை மாற்றும் இன்வேர்ட்டர் பூட்டியிருக்கிறோம். இந்த வசதியோடு எங்கிருந்து தொடங்குவது?

நிலாவெளி வீதி

அண்ணா, ஒன்பது வெட்டுகளுக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். வெட்டுவிசையைப் பொறுத்தவரை நாம் வெறுங்கையோடு தொடங்கவில்லை. ஜேர்மானியப் பொறியியலாளர் கீன்ஸ்லே 1952 இல் முன்வைத்த தொடர்பு இன்றும் கருவி உற்பத்தியாளர்களின் கையேடுகளில் இருக்கிறது. சீவலின் தடிப்பு குறையக் குறைய, ஒரு சதுர மில்லிமீற்றர் சீவலை வெட்டத் தேவையான விசை கூடுகிறது; அந்தக் கூடுதல் ஓர் அடுக்கு விதிப்படி நிகழ்கிறது என்பதே அதன் சாரம். சாதாரண கரிம உருக்குக்கு, சீவல் 1 மில்லிமீற்றர் தடிப்பாக இருக்கும்போது சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 1700 நியூட்டன் என்றும், அடுக்கு ஏறத்தாழ 0.25 என்றும் எடுப்பது வழக்கம். அட்டவணைக்கு அட்டவணை இந்த எண்கள் வேறுபடும்.

உங்கள் வேலையை இதில் போட்டுப் பார்ப்போம். 8 மில்லிமீற்றர், இரண்டு பல் கட்டர். முழு அகலக் குழி. ஆழம் 3 மில்லிமீற்றர். ஒரு பல்லுக்கு ஊட்டம் 0.03 மில்லிமீற்றர். பல் குழியின் முன்முகத்துக்கு வரும்போது சீவல் உச்சத் தடிப்பான 0.03 ஐ அடைகிறது. அந்த இடத்தில் சதுர மில்லிமீற்றருக்கு வேண்டிய விசை ஏறத்தாழ 4085 நியூட்டன்; அதை 3 ஆலும் 0.03 ஆலும் பெருக்கினால் பல்லின் தொடுகோட்டு விசை ஏறத்தாழ 368 நியூட்டன். கட்டர் 24 மில்லிமீற்றர் வெளியே நீட்டியிருக்கிறது என்றும், பல் இடைவெளிகளால் அதன் பயன்படு விட்டம் 6.4 மில்லிமீற்றர் என்றும், கார்பைட்டின் மீள்தன்மைக் குணகம் 600 கிகாபாஸ்கல் என்றும் எடுத்தால், நுனி ஏறத்தாழ 0.034 மில்லிமீற்றர் வளையும். 8 மில்லிமீற்றர் சாவிக்குழிக்கு, என்9 எனும் நியம அளவுப் பொருத்தத்தில், அகலத்துக்கு அனுமதிக்கப்படும் மொத்த வீச்சே 0.036 மில்லிமீற்றர்தான். குழி ஏன் விலகுகிறது என்பதற்கு விடையின் பெரும்பகுதி இதில் இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான்: மூன்று மாறிகளின் பொதுவான சமன்பாட்டைத் தேடுவதற்குப் பதிலாக, வடிவம் ஏற்கெனவே தெரிந்த ஒரு தொடர்பில் உங்கள் உருக்குக்குரிய இரண்டு எண்களை (1700, 0.25 ஆகியவற்றின் இடத்தில் வருபவை) மட்டும் மதிப்பிடுங்கள்.

மூதூர் மாணவி

நான் மூதூரைச் சேர்ந்தவள். கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறேன். நிலாவெளி வீதி அண்ணா சொன்னதை மதிக்கிறேன்; ஆயினும் தரவிலிருந்து கற்கும் மாதிரிகளை இவ்வளவு விரைவாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கீன்ஸ்லே தொடர்பில் வெட்டுவேகத்துக்கு இடமே இல்லை. கருவியின் விளிம்பு ஆரை அதில் இல்லை. சீவல் தடிப்பு விளிம்பு ஆரைக்குக் கிட்டவாக வரும்போது வெட்டுவதைவிடத் தேய்ப்பதும் உழுவதும் மிகுந்து, விசை அடுக்கு விதியைவிட வேகமாக ஏறுகிறது. 0.03 மில்லிமீற்றர் ஊட்டத்தில் பல் உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் சீவல் தடிப்பு சுழியத்துக்கு அருகில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, அட்டவணை வாய்பாட்டை எப்படி நம்புவது? நரம்பு வலையமைப்போ, கவுசியச் செயன்முறைப் (Gaussian process) பிற்செலவோ இத்தகைய வளைவுகளைத் தாமாகவே பிடித்துக்கொள்ளும்.

கணக்கும் கருவியும்

பல ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவள் என்ற முறையில், ஒன்பது வெட்டுகளைப் பற்றி முதலில் எழுதுகிறேன். ஏனெனில் அந்த 0.99 பலரை ஈர்க்கிறது.

மூன்று மாறிகளுக்கு முழுமையான இரண்டாம் படிச் சமன்பாடு எழுதினால், ஒரு மாறிலி, மூன்று நேர் உறுப்புகள், மூன்று வர்க்க உறுப்புகள், மூன்று பெருக்க உறுப்புகள் என்று 10 குணகங்கள் வேண்டும். உங்களிடம் இருப்பவை 9 வெட்டுகள். பெருக்க உறுப்புகளை விட்டுவிட்டால் 7 குணகங்கள். பிழையை மதிப்பிட எஞ்சுபவை 2 சுயாதீனப் படிகள் மட்டுமே. அந்த நிலையில் கோடு புள்ளிகளை நெருங்கிச் செல்வதில் வியப்பில்லை. மேலும், எல்9 அட்டவணையில் ஒரு மாறியின் தனி விளைவும் மற்ற இரண்டு மாறிகளின் கூட்டு விளைவும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஊட்டமும் ஆழமும் விசையில் பெருக்கலாகவே சேர்கின்றன என்று இயக்கவியல் சொல்லும்போது, கூட்டு விளைவு இல்லை என்று கருதும் ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது பொருளுக்கே முரணானது. ஆழத்தை மும்மடங்காக்கினால் விசையும் ஏறத்தாழ மும்மடங்காகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை மீண்டும் கண்டுபிடித்ததற்கே அந்த ஆர் வர்க்கத்தின் பெரும்பகுதி கிடைக்கிறது. உங்களுக்கு வேண்டியது, ஆழம் ஒன்றாக இருக்கும்போது உருக்குக்கு உருக்கு விசை எவ்வளவு மாறும் என்பது. அந்தக் கேள்விக்கு அந்த 0.99 விடை தராது.

மாணவியின் கேள்விக்கும் மதிப்பு உண்டு. நரம்பு வலையமைப்பு வளைவைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் இருபது முப்பது வெட்டுகள் மட்டுமே இருக்கும்போது அது பிடிப்பது வளைவையா இரைச்சலையா என்று பிரித்தறிய வழியில்லை. அதனால் மாதிரியின் வடிவத்தை இயக்கவியலிலிருந்து எடுத்து, எச்சத்தை மட்டும் தரவிடம் விட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. கணித்த விசைக்கும் அளந்த விசைக்கும் உள்ள வேறுபாட்டை மடக்கையில் எழுதி, அந்த வேறுபாடு வேகத்தோடோ மிகச் சிறிய சீவல் தடிப்போடோ முறையாக மாறுகிறதா என்று பார்க்கலாம். மாறினால் அங்கே கவுசியச் செயன்முறையைப் பொருத்துங்கள். தரவு இல்லாத இடத்தில் அது அமைதியாக இயக்கவியலுக்குத் திரும்பிவிடும். இரண்டாம் படிச் சமன்பாடு அத்தகைய இடத்தில் எங்கேயாவது பாய்ந்துவிடும்.

கொட்பே இயந்திரக்காரர்

ரீச்சரும் தம்பியும் தங்கையும் எழுதியவற்றை வாசித்தேன். நான் படித்த பட்டங்கள் ஒன்றும் இல்லை. எண்ட் மில்லோடு வாழ்ந்தவன். இரண்டு விடயங்கள் உங்கள் கணக்கில் வர வேண்டும்.

முதலாவது, எச்எஸ்எஸ் (அதிவேக உருக்கு) கட்டர். உவர்மலைப் பட்டறை கார்பைட் முறிந்தால் எச்எஸ்எஸ்ஸுக்குப் போவார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். நிமிடத்துக்கு 25, 30 மீற்றர் வேகத்தில் கரிம உருக்கை வெட்டும்போது உருக்குத் துணுக்கு வெட்டு விளிம்பிலேயே ஒட்டி, தானே ஒரு புது விளிம்பாக வளர்ந்து, பிறகு உடைந்து போகும். கட்டரைக் கழற்றிச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், விளிம்பை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான ஒரு கட்டி தெரியும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். அது இருக்கும்போது விசை வேகத்தோடு ஒரே திசையில் மாறுவதில்லை. ஒரு வேகத்தில் குறையும், கொஞ்சம் கூட்டினால் ஏறும், இன்னும் கூட்டினால் மீண்டும் குறையும். கார்பைட்டின் தரவையும் எச்எஸ்எஸ்ஸின் தரவையும் ஒரே சமன்பாட்டில் போட்டால், அந்த ஏற்ற இறக்கத்தை உங்கள் நேர்கோடு நசுக்கிவிடும்.

இரண்டாவது, கட்டரின் ஓட்டம், அதாவது கட்டர் மையம் விலகிச் சுழல்வது. கட்டரைப் பிடிக்கும் கொலெட்டில் பூட்டியபின் டயல் கேஜின் முனையை ஒரு பல்லின் விளிம்பில் வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் பின்பக்கமாகச் சுற்றி, அடுத்த பல்லில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். துப்புரவில்லாத கொலெட்டில் 0.02 மில்லிமீற்றர் சாதாரணமாகக் காட்டும். கொலெட்டின் பிளவுக்குள் ஒரே ஒரு சீவல் துணுக்கு இருந்தாலே போதும். ஒரு பல் வேலை செய்ய, மற்றது உரசிக்கொண்டு போகும். சத்தத்தில் அது தெரியும், குழியின் அடியில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஆழமும் மென்மையுமான கோடுகளாகவும் தெரியும்.

நிலாவெளி வீதி

கொட்பே அண்ணா சொன்ன ஓட்டத்தைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். வந்த விடை இந்த இழையில் உள்ள எல்லோருக்கும் பயன்படும். இரண்டு பல் கட்டரில் பல்லுக்குப் பல் 0.02 மில்லிமீற்றர் வேறுபாடு இருந்தால், 0.03 என்று நாம் கொடுத்த ஊட்டம் ஒரு பல்லுக்கு 0.05 ஆகவும் மற்றதற்கு 0.01 ஆகவும் பிரிகிறது. கனமான பல்லின் உச்ச விசை 368 இலிருந்து ஏறத்தாழ 539 நியூட்டனாக உயர்கிறது. அதாவது 47 சதவீதம் கூடுகிறது. அதே வேளையில், இரண்டு பற்களின் சராசரி விசை ஏறத்தாழ 5 சதவீதம் குறைகிறது. மோட்டாரின் வலுவை மட்டும் அளப்பவர், வேலை முன்னைவிட இலகுவாக நடக்கிறது என்றே முடிவு செய்வார். ஆகவே ஓட்டத்தை ஒவ்வொரு முறையும் அளந்து, தனி மாறியாகத் தரவில் எழுத வேண்டும். அதை இரைச்சலில் கரைத்துவிடக் கூடாது.

இன்னொன்று. சாவிக்குழிக்கு இரண்டு பல் கட்டரே சிறந்தது என்ற பழைய பழக்கத்துக்கு இயக்கவியலில் நல்ல காரணம் இருக்கிறது. ஒரு பல் குழியின் சுவரைத் தொடும்போது மற்றப் பல் எதிர்ச் சுவரில் நிற்கிறது. இரண்டிலும் சீவல் தடிப்பு ஏறத்தாழச் சுழியம். எனவே சுவர் உருவாகும் கணத்தில் வளைவு சிறியது. நான்கு பல் கட்டரில் ஒரு பல் சுவரைத் தொடும் அதே கணத்தில் இன்னொரு பல் முன்முகத்தில் முழுச் சுமையோடு நின்று கட்டரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்த வளைவு அப்படியே சுவரில் பதிகிறது. சுருள் பல்லில் இந்தக் கணக்கு சற்றுக் கலையும். ஆனாலும் 3 மில்லிமீற்றர் ஆழத்தில் 30 பாகைச் சுருளுக்கு ஏற்படும் பின்தங்கல் 25 பாகை அளவுதான்.

உவர்மலைப் பட்டறை

எல்லோருக்கும் நன்றி. எங்களிடம் இருப்பது நான்கு பல் கட்டர்கள்தான். இரண்டு பல் கட்டர் எடுப்பிக்கிறேன். இனி அளவீட்டைப் பற்றிக் கேட்கிறேன். விசைமானி இல்லாத நிலையில், கிளாம்ப் மீற்றரால் மோட்டாரின் மின்னோட்டத்தை அளந்து விசையைப் பெறலாமா? மதியத்தில் எங்கள் பக்கத்தில் மின்னழுத்தம் 400 வோல்ற்றில் நிற்பதில்லை. அது இதைப் பாதிக்குமா?

நிலாவெளி வீதி

மின்னோட்டத்தை அளக்க வேண்டாம் அண்ணா, வலுவை அளவிடுங்கள். தூண்டல் மோட்டார் ஒன்றும் வெட்டாமல் சும்மா சுழலும்போதே முழுச்சுமை மின்னோட்டத்தின் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ எடுக்கும். அது காந்தப்புலத்தை உருவாக்கவே போகிறது. இலேசான சுமையில் வேலைக்குரிய மின்னோட்டம் அதற்குள் மறைந்துவிடும். இன்வேர்ட்டருக்கு முன்னால் கிளாம்ப் வைத்தால் அலைவடிவம் கூர்முனைகளாக இருப்பதால் மலிவான மீற்றர்கள் பிழையாகக் காட்டும். உண்மை வலுவைக் காட்டும் மூன்று தறுவாய் வலுமானி ஒன்றை உள்ளீட்டில் பூட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் சற்றுமுன், அதே சுழல்வேகத்தில், காற்றில் சுழலவிட்டு வெற்று வலுவை எழுதி, வெட்டு வலுவிலிருந்து கழியுங்கள். காலையில் கிரீஸ் இறுகியிருக்கும்போது வெற்று வலு கூடுதலாக இருக்கும். ஒரு தடவை அளந்ததையே நாள் முழுவதும் கழிப்பது சரியாகாது. மின்னழுத்தம் ஏறி இறங்குவதும் இந்த முறையில் பெரும்பாலும் கழிந்துவிடும்.

ஆனால் 8 மில்லிமீற்றர் கட்டரில் இந்த முறை தடுமாறும். நிமிடத்துக்கு 50 மீற்றர் வேகத்தில் அந்தக் கட்டர் 1989 சுற்றில் ஓடும்; நான் மேலே போட்ட வெட்டுக்கு வேண்டிய வலு ஏறத்தாழ 218 வாட் மட்டுமே. வார் பட்டியும் பெயாரிங்கும் எடுக்கும் வெற்று வலுவும் ஏறத்தாழ அதே அளவாக இருக்கக்கூடும். இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசத்தை நம்ப வேண்டியிருக்கும். ஆகவே உருக்கின் எண்களை 16 மில்லிமீற்றர், நான்கு பல் கார்பைட் கட்டரால் மதிப்பிடுங்கள். நிமிடத்துக்கு 100 மீற்றர் வேகம், அதே 1989 சுற்று, 2 மில்லிமீற்றர் ஆழம், பல்லுக்கு 0.05 ஊட்டம் என்றால் வேண்டிய வலு ஏறத்தாழ 854 வாட். உங்கள் மோட்டாருக்கு அடக்கமானது, மீற்றருக்கும் தெளிவாகத் தெரியும். அதில் கிடைக்கும் இரண்டு எண்களைக் கொண்டு 8 மில்லிமீற்றர் கட்டரின் விசையைக் கணிக்கலாம்.

எங்காவது ஒரு விசைமானி கிடைக்குமானால் இன்னும் நேரான வழி ஒன்று உண்டு. முழு அகலக் குழியில், ஊட்டத்துக்குச் செங்குத்தான சராசரி விசை, பல்லுக்கான ஊட்டத்தோடு நேர்கோடாக மாறும். சாய்வு, பற்களின் எண்ணிக்கையை ஆழத்தால் பெருக்கி 4 ஆல் வகுத்ததற்கும் வெட்டுக் குணகத்துக்கும் உள்ள பெருக்கம்; கோடு அச்சை வெட்டும் வெட்டுத்துண்டில் 4 க்குப் பதிலாகப் பையும் (π), வெட்டுக் குணகத்துக்குப் பதிலாக விளிம்பு தேய்ப்பதற்குரிய விளிம்புக் குணகமும் வரும். கட்டரின் சுருள் கோணம் இந்தச் சராசரியைப் பாதிப்பதில்லை. அரை நாள் இரவல் கிடைத்தாலே போதும்.

மூதூர் மாணவி

அப்படியென்றால் பரிசோதனைத் திட்டத்தை எப்படி அமைப்பது, ரீச்சர்? கீன்ஸ்லே வடிவத்தை ஏற்றுக்கொண்டால் மடக்கை எடுத்தவுடன் அது சாதாரண நேர்கோடு. பொருத்துவது கைக்கணிப்பானாலேயே முடியும். வெட்டுகளை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

கணக்கும் கருவியும்

அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன், மகள். நேர்கோட்டின் சாய்வு எவ்வளவு உறுதியாகக் கிடைக்கும் என்பது, புள்ளிகள் எத்தனை என்பதோடு அவை எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதையும் பொறுத்தது. ஊட்டத்தை 0.02 இலிருந்து 0.03 வரை மட்டும் மாற்றினால் மடக்கை அச்சில் உங்களுக்குக் கிடைக்கும் நீளம் 0.41. 0.02 இலிருந்து 0.10 வரை விரித்தால் அது 1.61. வெட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டாமலேயே சாய்வின் நியம வழு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிறது. 0.10 ஊட்டத்திலும் 16 மில்லிமீற்றர் கட்டருக்கு வேண்டிய வலு 1.4 கிலோவாட்டைச் சற்றே தாண்டும், மோட்டார் தாங்கும். ஓரங்களில் கூடுதலான வெட்டுகளையும், அடுக்கு விதி உண்மையில் நேர்கோடாகத்தான் இருக்கிறதா என்று சோதிக்க நடுவில் சிலவற்றையும் வையுங்கள். அதே அமைப்பில் மீண்டும் வெட்டிய சோடிகள் இல்லாவிட்டால், மாதிரியின் பொருந்தாமையையும் அளவீட்டின் இரைச்சலையும் பிரிக்க முடியாது.

வரிசை எழுமாற்றாக இருக்க வேண்டும். இதைப் பலர் சடங்காக நினைக்கிறார்கள். சிறிய ஊட்டத்தில் தொடங்கிப் பெரிய ஊட்டத்தில் முடித்தால், கட்டர் தேய்வதால் ஏறும் விசை முழுவதும் ஊட்டத்தின் கணக்கில் எழுதப்படும், சாய்வு பிழைக்கும். எழுமாற்றாக வெட்டினால் தேய்மானம் எல்லா மட்டங்களுக்கும் பரவிவிடும். அதோடு நின்றுவிடாமல், ஒரே அமைப்பிலான ஒரு நியம வெட்டைத் தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் வெட்டுங்கள். அதன் வலு ஏறிக்கொண்டே போனால் தேய்மானத்தையே ஒரு மாறியாகச் சேர்க்கலாம். எண்ட் மில்லின் ஆயுளைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 8688 நியமம் பக்கத் தேய்வு சீராக 0.3 மில்லிமீற்றர் ஆவதைக் கட்டரின் முடிவாக எடுக்கிறது. உங்கள் பரிசோதனைக் கட்டர் அதற்கு வெகு முன்னரே மாற்றப்பட வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உவர்மலைப் பட்டறையின் உண்மையான துன்பம், உருக்குக்கு உருக்கு வேறுபாடு. நியமப்படுத்திய ஈஎன்8 இன் கடினத்தன்மையே பிரினெல் 152 இலிருந்து 207 வரை இருக்க இடமுண்டு. ஒரே ஒரு கம்பியிலிருந்து நூறு வெட்டுகள் எடுத்தாலும் அந்த வேறுபாட்டைப் பற்றி ஒன்றும் தெரியவராது. ஆகவே வெவ்வேறு வேளைகளில் வாங்கிய கம்பிகளின் வெட்டுத் துண்டுகளைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் சில வெட்டுகள் மட்டும் எடுங்கள். கம்பியை எழுமாற்று விளைவாகக் கொண்ட கலப்பு மாதிரியை, அதாவது கம்பிக்குக் கம்பி உள்ள வேறுபாட்டையும் ஒரே கம்பிக்குள் உள்ள வேறுபாட்டையும் தனித்தனியே மதிப்பிடும் மாதிரியை, பொருத்துங்கள். மாதிரியைச் சோதிக்கும்போதும் ஒரு கம்பியின் எல்லா வெட்டுகளையும் ஒதுக்கிவைத்து, மற்றக் கம்பிகளைக் கொண்டு அதைக் கணியுங்கள். நாளை உங்கள் கையில் வரப்போவது புதிய கம்பி. பழைய கம்பியின் இன்னொரு வெட்டு அல்ல.

விளக்கத்துக்காக மட்டும் சில எண்களை எடுப்போம். மடக்கையில் கம்பிகளுக்கிடையிலான நியம விலகல் 0.08, ஒரே கம்பிக்குள் 0.05 என்றால், புதிய கம்பியில் ஒரு வெட்டுக்கான மொத்த விலகல் ஏறத்தாழ 0.094. இரண்டு மடங்கு எடுத்தால் 368 நியூட்டன் என்ற கணிப்பின் எதிர்வுகூறல் இடைவெளி ஏறத்தாழ 305 இலிருந்து 445 வரை. 445 என்ற இந்த மேல் எல்லையைக் கொண்டுதான் ஊட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஆனால் வெறும் மூன்று கம்பிகள்தான் சோதித்தீர்கள் என்றால் பெருக்கி 2 அல்ல, அது 4.3 வரை போகும், மேல் எல்லை கணிப்பின் ஒன்றரை மடங்காகும். இன்னும் சில துண்டுகளைத் தேடிச் சேர்ப்பது, இருக்கும் துண்டுகளில் பத்து மடங்கு வெட்டுவதைவிடப் பயனுள்ளது.

மடக்கையிலிருந்து திரும்பி வரும்போது கிடைப்பது விசையின் இடையமே தவிர இடை அல்ல என்பதையும் சொல்லிவைக்கிறேன். விலகல் 0.1 ஆக இருந்தால் திருத்தம் அரைச் சதவீதம், விட்டுவிடலாம். 0.3 ஆக இருந்தால் 4.6 சதவீதம், விடக் கூடாது.

மூதூர் மாணவி

கம்பிகள் குறைவாக இருக்கும் நிலையில், முன்பே தெரிந்ததைத் தரவோடு சேர்த்துக் கணிக்கும் பேய்சிய (Bayesian) முறை உதவுமா? கையேடுகளின் எண்களை முன்னறிவாக, ஓரளவு அகலமான பரவலோடு வைத்தால், மூன்று கம்பிகளிலும் அந்தப் பெருக்கி இவ்வளவு பெரிதாகாது என்று நினைக்கிறேன்.

கணக்கும் கருவியும்

உதவும். அடுக்குக்கு 0.25 ஐ நடுவாக வைத்து, கம்பிகளுக்கிடையிலான விலகலுக்கும் நியாயமான ஒரு முன்னறிவை வையுங்கள். முன்னறிவின் அகலத்தை இருமடங்காக்கினால் விடை எவ்வளவு மாறுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதிகம் மாறினால் விடை தரவிலிருந்து வரவில்லை, நீங்கள் வைத்த முன்னறிவிலிருந்து வருகிறது.

கொட்பே இயந்திரக்காரர்

விசை தெரிந்தால் கட்டர் முறியாமல் காப்பாற்றலாம் என்று தம்பி உண்மையாக நம்புகிறாரா? எனக்கு அதில் ஐயம் இருக்கிறது. நான் பார்த்த முறிவுகளில் பெரும்பாலானவை குழிக்குள் சீவல் அடைபட்டதால் வந்தவை.

நிலாவெளி வீதி

அண்ணாவின் ஐயம் சரியானது. கணக்கும் அவர் பக்கமே நிற்கிறது. 368 நியூட்டனில் அந்தக் கட்டரின் அடியில் எழும் வளைவுத் தகைப்பு ஏறத்தாழ 343 மெகாபாஸ்கல். ஓட்டத்தோடு 539 நியூட்டன் என்றாலும் 500 ஐச் சற்றே தாண்டும். நுண்மணிக் கார்பைட்டின் வளைவு முறிவு வலிமை 3000 மெகாபாஸ்கலுக்கும் மேல். பல் விளிம்புகளில் தகைப்பு குவிவதையும் களைப்பையும் எண்ணி நிறையக் குறைத்துக்கொண்டாலும், ஒழுங்காக நடக்கும் வெட்டு 8 மில்லிமீற்றர் கட்டரை முறிக்காது. முறிப்பவை, வெளியேறாத சீவலை மீண்டும் வெட்டுவது, விளிம்பு உதிர்ந்தபின்னும் தொடர்வது, கட்டரை நேராகக் கீழே அழுத்தி இறக்குவது ஆகியவையே. ஆகவே இந்த மாதிரியிடம் வளைவைக் கேளுங்கள், குழியின் துல்லியத்தைக் கேளுங்கள். முறிவைக் கேட்க வேண்டாம். முறிவுக்குக் காற்றுக் குழாயும், ஆழத்தைப் படிப்படியாக எடுப்பதும், சாய்வாக உள்ளே இறங்குவதுமே மருந்து.

உவர்மலைப் பட்டறை

தெளிவாகிவிட்டது. 16 மில்லிமீற்றர் கார்பைட் கட்டரில் முழு அகலக் குழிகள், ஊட்டம் 0.02 இலிருந்து 0.10 வரை, எழுமாற்று வரிசை, ஒவ்வொரு வெட்டுக்கும் முன் வெற்று வலு. பட்டறை மூலையில் கிடக்கும் ஈஎன்8 துண்டுகள் எப்போது வாங்கியவை என்று பற்றுச்சீட்டுகளோடு ஒப்பிட்டு, வண்ணம் பூசிப் பிரித்து வைத்திருக்கிறேன். கடற்காற்றில் துருப்பிடித்த மேற்பரப்பை முதலில் ஒருமுறை சீவி எடுத்துவிட்டுத்தான் அளவீட்டு வெட்டுகளைத் தொடங்குவேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: துருப்பிடிக்காத உருக்கில் வரும் படகு உந்திசுழலித் தண்டுகளையும் இதே மாதிரிக்குள் கொண்டுவரலாமா?

கணக்கும் கருவியும்

வேண்டாம். ஒஸ்ரனைற்று வகைத் துருப்பிடிக்காத உருக்கு வெட்டும்போதே இறுகும். முந்திய பல் இறுக்கிவிட்டுப் போன மேற்பரப்பை அடுத்த பல் சந்திக்கிறது. சிறிய ஊட்டத்தில் அதன் போக்கு கரிம உருக்கின் போக்கோடு ஒத்துவராது. அதைக் கம்பிகளில் ஒன்றாகச் சேர்த்தால் கம்பிகளுக்கிடையிலான விலகல் வீங்கி, ஈஎன்8 இன் இடைவெளியும் பயனற்றதாகிவிடும். அதற்குத் தனி வெட்டுகள், தனி எண்கள்.

மூதூர் மாணவி

அண்ணா, தரவு கிடைத்ததும் பகுப்பாய்வை நான் செய்து தருகிறேன். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வரி போதும்: வெட்டிய வரிசை எண், கம்பியின் நிறம், கட்டரின் அடையாளம், அளந்த ஓட்டம், சுழல்வேகம், மேசையின் உண்மையான ஊட்டம், ஆழம், வெற்று வலு, வெட்டு வலு. ஊட்டத்தைப் பொறியின் பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுத வேண்டாம். மேசை 100 மில்லிமீற்றர் நகர எடுக்கும் நேரத்தை நிறுத்தற்கடிகாரத்தால் அளந்து எழுதுங்கள். நியம வெட்டுகளுக்குத் தனி அடையாளம் இடுங்கள். பிசகிய வெட்டு என்று தோன்றுவதையும் அழிக்காமல், பக்கத்தில் காரணத்தை எழுதி அப்படியே அனுப்புங்கள்.